மூன்று கருவிகளும் ஒரு மடியும்

வழிகாட்டிக் கருவி விற்பவர்கள் திரை எவ்வளவு பெரியது என்று சொல்வார்கள், பெண் குரல் வேண்டுமா ஆண் குரல் வேண்டுமா என்று கேட்பார்கள். சிக்னல் இல்லாத மலையில் அது என்ன செய்யும் என்று நாம் கேட்டால் மட்டும் கடையில் அமைதி நிலவும். அந்த அமைதியைத் திருவண்ணாமலையில் பல கடைகளில் அனுபவித்தவன் நான்.

அலைந்தது என் தங்கைக்காக. அவளுடைய மகளுக்குக் காது குத்து. இடம், ஜவ்வாது மலையின் உட்பகுதியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தங்கைக்கு நான் ஒருவன்தான் அண்ணன். நான் நேரத்துக்குப் போகாவிட்டால் மாப்பிள்ளை வழிப் பங்காளி ஒருவர் மடியில் குழந்தையை வைத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். அதன்பின் அந்த வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் அவள் அந்தப் பேச்சைக் கேட்டாக வேண்டும். விசேஷம் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் குத்தியாக வேண்டும்.

"சீரு செனத்தி கம்மியா இருந்தாலும் பரவால்லண்ணா. உன் மடி வந்தா போதும்" என்று போனில் சொன்னாள்.

கோயிலுக்கு முகவரி கிடையாது. ஏற்பாடு செய்வதற்காக முன்னதாகவே மலைக்குப் போன மாப்பிள்ளை அங்கிருந்து வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு நான் முறையாகத் தயாரானேன்.

முதலில் கைப்பேசி. இணையம் இல்லாமலே காட்டும்படி மலைப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்தேன். மாட்டு வண்டித் தடத்தையும் தார்ச் சாலையையும் அது ஒரே தடிமனில் காட்டியது. அடுத்தது காரில் பொருத்தும் டப்பா. அதை ஒருநாள் கிரிவலப் பாதையில் சோதித்தேன். மலையை இடப்பக்கம் வைத்துச் சுற்றும் குறுக்கு வழியில் போகச் சொன்னது. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு வந்ததே கோபம்.

"அப்பிரதட்சணமா போவச் சொல்லுது. நல்ல காரியத்துக்கு வாங்குன பொருளு பேசற பேச்சா இது? நீங்க வலமாவே போங்க."

போனேன். அடி அண்ணாமலை தாண்டும்வரை "திரும்பிச் செல்லவும்" என்று அது அரற்றிக்கொண்டே வந்தது.

மூன்றாவது, மலையேறிகள் கையில் வைத்துக்கொள்ளும் கருவி. வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் பொருள்களை வாங்கி விற்கும் கடை செங்கம் சாலையில் இருக்கிறது, அங்கே கிடைத்தது. வானத்திலிருந்து நேராக இடத்தைக் கண்டுபிடிக்கும், சிக்னல் வேண்டாம். ஆனால் சாலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. போக வேண்டிய திசையில் ஒரு அம்புக்குறி காட்டும், நடுவில் மலை இருந்தாலும். மாப்பிள்ளை அனுப்பிய இடத்தின் எண்களை அதில் நானே ஒவ்வொன்றாக அடித்து, இரண்டாம் முறையும் சரிபார்த்தேன்.

"நெலாவுக்கா போறோம்? ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸே போவுது" என்றாள் மனைவி. அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டு மூன்று கருவிக் கதையையும் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேங்கிக்காலிலிருந்து புறப்பட்டோம். பின் இருக்கையில் சீர்த்தட்டுகள். போளூரைத் தாண்டி மலையேறி ஜமுனாமரத்தூர் கடந்ததும் கைப்பேசியில் சிக்னல் போனது. டப்பாவில் எங்கள் கார் வெள்ளைத்தாளில் விழுந்த எறும்புபோல் வெற்றிடத்தில் ஊர்ந்தது. ஒவ்வொரு பிரிவிலும் நிறுத்தி மூன்றையும் ஒப்பிட்டேன். ஒன்று இடம் என்றது, ஒன்று வலம் என்றது, ஒன்று பள்ளத்தில் இறங்கச் சொன்னது.

"மூணும் பேசி முடிச்சாச்சா? மணி ஆவுது."

கடைசிப் பிரிவில்தான் அதிசயமாக மூன்றும் வலப்பக்கம் என்று ஒத்துப்போயின. அப்போது மனைவி இடப்பக்கம் கையைக் காட்டினாள். "அங்க ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்குது. காத்துல மடிஞ்சி கெடக்குது. எறங்கிப் பாக்கட்டுமா?"

"கட்சி ஃப்ளெக்ஸா இருக்கும்" என்று வலப்பக்கம் திருப்பினேன்.

சற்றுத் தொலைவில் "நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது டப்பா. எதிரே ஒரு பெரிய கரும்பாறை. கோயில் இல்லை, பந்தல் இல்லை, பொங்கல் புகை இல்லை. பாறையின் மேல் ஒரு பெண் காதில் போனை வைத்துக்கொண்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தார், கையில் ஒரு சிறிய பை.

"காது குத்துக்கா வந்தீங்க?" என்று அவரே கேட்டார். "நான் ஆசாரிங்க. போளூர்லேருந்து வரேன். லொகேசன் இங்கதான் காட்டுது."

குழந்தையை வைக்க வேண்டிய மடியும், காது குத்த வேண்டிய ஊசியும் ஒரே பாறையடியில் நின்றுகொண்டிருந்தன.

மேலே இருந்த பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கோயிலா? இது சிக்னல் பாறைங்க. சுத்துப்பட்டுல இங்க மட்டும்தான் டவர் கெடைக்கும். லொகேசன் பாத்து வரவங்க எல்லாரும் இங்கதான் வந்து முழிப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பேசியில் சிக்னல் முழுதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. தங்கைக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. அந்தப் பாறையிலிருந்து உலகத்தில் யாருடன் வேண்டுமானாலும் பேசலாம், கோயிலில் இருப்பவர்களைத் தவிர. சிக்னல் இல்லாத இடத்தில் நான் எப்படி வழி பார்ப்பேன் என்று இத்தனை நாள் யோசித்தேனே தவிர, அதே இடத்திலிருந்து மாப்பிள்ளை எப்படி அனுப்பினார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் வழி கேட்பதற்குள் பாறையின் மறுபக்கத்திலிருந்து யாரோ மூச்சிரைக்க ஏறி வரும் சத்தம் கேட்டது. என் கைப்பேசி ஒலித்தது. எடுத்தேன்.

"மச்சான், எங்கதான் இருக்கீங்க? பத்தரை ஆவப்போவுது!"

"உங்க காலடியில. குனிஞ்சி பாருங்க, மாப்ள."

மாப்பிள்ளை புதுவேட்டியை மடித்துக் கட்டியபடி பாறை உச்சியில் நின்றிருந்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே குனிந்து பார்த்தார்.

"நீங்க அனுப்புன லொகேஷனுக்குத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"கரெக்டாத்தானே அனுப்புனேன் மச்சான்? தோ, இங்க நின்னுதான் அனுப்புனேன். கோயில்லேருந்து எப்புடிப் போவும்?"

"வழியில ஃப்ளெக்ஸ் கட்டியிருந்துச்சே, அது யாருது?" என்று கேட்டாள் மனைவி. பதில் தெரிந்துதான் கேட்டாள்.

"நம்ம பாப்பாதுதான்க்கா. ஆளு ஒசரத்துக்குக் கட்டுனமே, பாக்கலியா?"

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு காரின் பின்கதவைத் திறந்து சீர்த்தட்டுகளை எடுக்கத் தொடங்கினாள்.

காரைச் சுற்றிக் கொண்டுபோக நேரமில்லை. பாறைக்குப் பின்னால் கோயிலுக்கு ஒற்றையடிப் பாதை இறங்கியது. சீர்த்தட்டில் ஒன்று மாப்பிள்ளை தலையில், ஒன்று மனைவி இடுப்பில், ஒன்று என் கையில். பையை மார்போடு அணைத்தபடி ஆசாரி எங்களுக்கு முன்னால் ஓடினார். கீழே பந்தலில் பங்காளி ஒருவர் சம்மணமிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். குழந்தையை அவரிடம் தராமல் இடுப்பில் இறுக்கியபடி தங்கை எதிரில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கருவிகளின் மேல் இருந்த கோபம் இரட்டிப்பானது.

"நீங்க எழுந்திருங்க. எங்க அண்ணன் வந்துட்டாரு" என்றாள் அவரிடம். எனக்கு மட்டும் கேட்கும்படி, "எதுக்குண்ணா உனக்கு மூணு மிஷினு?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வேர்வையோடு உட்கார்ந்தேன். குழந்தை என் மடிக்கு வந்ததும் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த மலையேறிக் கருவியை உருவிக்கொண்டது. ஆசாரி ஒரு காதைக் குத்தி முடிக்கும்வரை அதன் பொத்தான்களை அழுத்தி விளையாடியது. இரண்டாவது காதுக்கு வீறிட்டு அழுது அதைக் கல்லில் வீசியது. பத்தரைக்குச் சற்று முன்பே எல்லாம் முடிந்தது.

கருவி அதன்பிறகு உயிர் பெறவில்லை. நான் அதைப் பற்றி யாரிடமும் குறைபட்டுக்கொள்ளவும் இல்லை. தாய்மாமன் மடியில் வாயைப் பிளந்து அழும் குழந்தையைத் தங்கை படம் பிடித்திருந்தாள். அதை உறவினர்களுக்கு அனுப்புவதற்காக மாப்பிள்ளை மறுபடியும் பாறைக்கு ஏறினார்.