என் வாக்குக்கு வந்தவர்

ஈப்போவில் நான் காலையில் கோப்பி குடிக்கும் சீனர் கடையின் சுவரில் மாமன்னரும் ராணியாரும் இரண்டு சட்டங்களுக்குள் அருகருகே இருக்கிறார்கள். வந்த புதிதில் ஒருநாள் மன்னரின் படத்தைக் காட்டி, "இவரை எப்போது தெரிவு செய்தீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கடைக்காரரிடம் கேட்டேன். பால்டின்னைத் துளைத்துக்கொண்டிருந்த அவர் கையை நிறுத்தி, நான் பகிடி விடுகிறேனா என்று பார்த்தார். பிறகு, சுல்தான்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கிறார்கள், ஒருவர் ஐந்து வருடம் இருப்பார், பிறகு அடுத்தவர் வருவார் என்று பொறுமையாகச் சொன்னார். "சண்டை வராதா?" என்று கேட்டேன். அவர் அடுத்த மேசைக்காரரிடம் கன்டனீஸில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அன்று கோப்பிக்குக் காசு வாங்கவில்லை. எனக்குச் சித்தம் சரியில்லை என்று நினைத்திருக்கவேண்டும்.

நான் நில அளவையாளன். இங்கே ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். நாங்கள் போய் அளந்து எல்லைக் கல் நட்டுவிட்டு வருகிறோம். மனைவியும் ஒரே மகள் வதனியும் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் மலாயா என்றால் பென்சன் காசில் கட்டிய கல்வீடு. அந்தக் காலத்துக்காரர்கள் இங்கே கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணியாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள். நான் வந்து சேர்ந்தபோது அந்த மலாயா முடிந்துபோயிருந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு மாடி அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு சிற்றலை வானொலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்து ஒரு சொல் பேசாமல் பொழுது போய்விடும். திங்கட்கிழமை முதல் சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டு வரும்.

தேர்தல் என்ற சொல்லைக் கேட்டாலே என் கண் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போகும். எழுபத்தேழில் நான் அரசாங்க அளவையாளனாக அநுராதபுரத்தில் இருந்தேன். தேர்தலில் வென்றவர்கள் வெடி கொளுத்திய சத்தம் ஓய்ந்து சில வாரங்களில் தமிழர் வீடுகளைத் தேடி எங்கள் தெருவுக்கு ஆட்கள் வந்தார்கள். நல்ல மத்தியான வெயில். வதனிக்கு அப்போது பதினாறு வயது. பின்மதிலால் ஏறிக் குதித்து, அடைக்கலம் தேடி அரசாங்க அதிபரின் கச்சேரி அலுவலகத்துக்கு ஓடினோம். மதிலில் ஏறுமுன் நான் ஒருதடவை திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்குள் குணபால நின்றான். வேலைத்தலத்தில் எனக்கு அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவன் அவன்தான். அவன் கல் எறியவில்லை, கையில் எதுவும் இருக்கவும் இல்லை. ஆனால் நின்றான். ஐந்து வருடங்களாகியும் அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிகிற முகம் அவனுடையதுதான். இன்றும் சீனப் பெருநாளுக்கு ஈப்போவில் பட்டாசு கொளுத்தும்போது நான் அறைக் கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன்.

எண்பத்திரண்டில் எங்கள் நாட்டு மக்கள் முதன்முறையாக வாக்களித்து ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் தேர்தல் வந்தது. எங்கள் ஊர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு வாக்கு என்பதை வீட்டுத் தலைவன் சொல்வான். வீடு முழுவதும் போய் அவருக்கே புள்ளடி போட்டுவிட்டு வரும். என் தகப்பனார் சொன்னார், பிறகு நான் சொன்னேன். கடல் கடந்து வந்த பிறகும் அது என் பொறுப்பாகவே இருந்தது. இந்த முறை புள்ளடி இல்லை, ஒன்று இரண்டு மூன்று என்று விருப்பப்படி இலக்கம் போடலாம் என்றார்கள். "எனக்கு அந்த வில்லங்கம் எல்லாம் வேண்டாம், ஒராளைச் சொல்லுங்கோ" என்று மனைவி எழுதியிருந்தாள்.

என் சொல்லில் இந்த முறை இன்னொன்றும் தொங்கியது. என் மனைவியின் தம்பி சிவராசா சுன்னாகத்தில் வெங்காயமும் மிளகாயும் மொத்தமாக வாங்கி விற்பவன். எதிர்க்கட்சி வேட்பாளருக்காக ஓடித் திரிந்தான். வாக்குச்சாவடியில் அவர்கள் பக்கத்து முகவராக உட்கார்வதற்கு, ஊராட்களின் முகம் தெரிந்த படித்த பிள்ளை ஒன்று வேண்டும் என்று வதனியைக் கேட்டிருந்தான். அப்பா எந்தப் பக்கம் என்று சொல்லட்டும், பிறகு பார்ப்போம் என்று அவள் தாய் தடுத்து வைத்திருந்தாள். தேர்தலைப் பகிஷ்கரியுங்கள் என்று எங்கள் இயக்கப் பெடியன்கள் மதில்களில் எழுதிக்கொண்டிருந்த நேரம். நான் ஒரு பெயரைச் சொன்னால் என் மகள் பகல் முழுவதும் பொலிஸின் கண்ணும் பெடியன்களின் கண்ணும் பட வாக்குச்சாவடியாகிற பள்ளிக்கூடத்தின் மரவாங்கில் உட்காருவாள். வேறொரு பெயரைச் சொன்னால் வீட்டில் இருப்பாள்.

பெயர்களை நான் நேர்மையாகவே யோசித்தேன். பதவியில் இருப்பவரின் ஆட்சியில்தான் நாங்கள் மதில் ஏறினோம். போன வருடம் யாழ்ப்பாணத்தில் நூலகமும் எரிந்தது. அவருக்கு என்னால் மனதாலும் இலக்கம் போட முடியாது. எங்கள் தமிழர் ஒருவரும் நின்றார். அவர் வெல்லப்போவதில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும். எதிர்க்கட்சிக்காரரின் ஆட்கள் ஆண்ட காலத்தில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் நாட்டுக்குள் வரவில்லை, அவற்றைப் பயிரிட்ட எங்கள் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். அதே காலத்தில்தான் எங்கள் பிள்ளைகள் நல்ல புள்ளிகள் எடுத்தும் பல்கலைக்கழக வாசலில் மறிக்கப்பட்டார்கள். ஆனாலும் இருப்பவரை அசைக்கக்கூடியவர் அவர் ஒருவரே. வாரக்கணக்கில் சோற்றுக்கு முன்னால் இருந்து யோசித்து, சிவராசாவின் ஆள்தான் சரி என்ற முடிவுக்கு வந்தேன். முடிவு வந்த பிறகும் அதை வீட்டுக்கு எழுதாமல் நாளைக் கடத்தினேன்.

வேலைத்தலத்தில் மாரியப்பன் என் குழப்பத்தைக் கண்டுபிடித்துவிட்டான். என்னோடு சங்கிலி பிடிப்பவன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து அதே தோட்டத்தை இப்போது துண்டுபோட உதவுபவன். சிலோன்காரன் என்றால் கிராணிதான் என்பது அவன் கணக்கு.

"கிராணி ஐயா, மூஞ்சியே சரியில்லையே. ஊருல யாருக்கும் சுகமில்லையா?"

"தேர்தல் வருகுது மாரியப்பன். ஆருக்குப் போடுறது எண்டு யோசினை."

"இங்கேருந்து பங்கா போட முடியுமா?" வாக்குச்சீட்டில் போடும் சிலுவைக் குறியை, எங்கள் புள்ளடியை, இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"ஏலாது."

"அப்புறம் என்னாத்துக்கு இம்புட்டு யோசன? நீங்களும் என்னை மாதிரி ஆளுதான்லா." அவன் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். சிவப்பு. இங்கேயே பிறந்தும் பதிவுக் காகிதம் இல்லாததால் குடியுரிமை கிடைக்காதவர்களின் நிறம். "ஏப்ரல்ல இங்க எலெக்‌ஷன் வந்துச்சில்ல, ரெண்டு கட்சிக்காரனும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். 'அண்ணே, ஓட்ட மறந்துடாதீங்க'ங்கிறான். 'இருந்தாத்தானே தம்பி மறக்கிறதுக்கு'ன்னேன். அவனுக்கு வெளங்கல. கையக் குடுத்துட்டுப் போறான்."

நான் சிரித்தேன். பிறகு, ஏன் என்று தெரியவில்லை, வதனியின் விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் சங்கிலியைத் தோளில் சுற்றிக்கொண்டே கேட்டான். "பொண்ணுக்கு இதான் மொத ஓட்டா?"

"ஓம்."

"அப்ப அதுக்கு ஆசையா இருக்கும்லா. அது என்னா சொல்லுது?"

எனக்குக் கோபம் வந்தது. அவளை ஏன் கேட்கவேண்டும் என்று இல்லை; கேட்க எனக்குத் தோன்றவேயில்லை என்பதால். அடுத்த கல்லுக்குப் போவோம் என்றேன்.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. ஈப்போத் தொலைபேசி நிலையத்தில் பதிவு செய்து, சிவராசாவின் கடைக்கு அழைப்பெடுத்தேன். மனைவியும் மகளும் அங்கே வந்து காத்திருந்தார்கள்.

"அத்தான், சொல்லுங்கோ, நாள் கிட்டுது," என்றான் சிவராசா. வதனியைக் கொடு என்றேன்.

"அப்பா?"

"எங்கட ஆளுக்குப் போடுங்கோ பிள்ளை. தமிழன் நிக்கேக்கை வேறை ஆருக்குப் போடுறது?"

கம்பியின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டாள்:

"அவருக்குப் போட்டால் வாக்கு வீண் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்?"

"பிறகு யோசிச்சுப் பாத்தன்."

"ஆருக்குப் போடுறது எண்டு யோசிச்சீங்களோ, நான் அங்கை போய் இருக்கக்கூடாது எண்டு யோசிச்சீங்களோ?"

"அநுராதபுரம் உனக்கு மறந்துபோச்சோ?" என்று கத்திவிட்டேன். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்ற மலாய்ப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"மறக்கேல்லை அப்பா. அதுக்காக வீட்டுக்குள்ளையே இருக்கேலாது." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "மாமாவுக்கு நான் அப்பவே ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அம்மாவுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லத்தான் எல்லாரும் பயந்துகொண்டு நிண்டவை."

நேரம் முடிந்தது என்று குறுக்கே ஒரு குரல் வந்தது. வெளியே வந்து, அறைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றேன். நான் ஈப்போவில் தனியாக இருக்கிறேன் என்பது நான்கு வருடங்களாகத் தெரிந்த விஷயம். சுன்னாகத்திலும் நான் இல்லாமலே வீடு நடக்கிறது, எனக்கு வலிக்கக்கூடாது என்று அதை மறைத்தும் வைத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

தேர்தலன்று நான் காட்டில் இருந்தேன். வெட்டி விழுத்திய ரப்பர் மரங்களின் பால் நாற்றம். அளவைக் கருவிக்குள் கண்ணை வைத்தால் வதனியும் அவள் இருக்கும் வாங்கும் பள்ளிக்கூடக் கதவும்தான் தெரிந்தன. "ஐயா, அதே டிகிரிய மறுபடியும் சொல்றீங்க," என்று மாரியப்பன் தூரத்திலிருந்து கத்தினான். இரண்டாம் தடவையும் அப்படியே நடந்தபோது கிட்ட வந்து, கருவியை மூடி, என்னை ஒரு மரக்குற்றியில் உட்காரவைத்துத் தன் தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிளிலேயே என்னை பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டான். வானொலி வாக்களிப்பு அமைதியாக நடந்தது என்றது. அநுராதபுரத்திலும் வாக்களிப்பு அமைதியாகத்தான் நடந்தது. பிறகுதானே எல்லாம்.

முடிவு வந்தது. இருந்தவரே நாட்டை மறுபடி வென்றார். எங்கள் மாவட்டத்தில், நான் மகளிடம் பொய்யாகச் சொன்ன எங்கள் ஆளே முன்னுக்கு நின்றார். நான் மனதுக்குள் தெரிவு செய்தவர் இரண்டு இடத்திலும் தோற்றார். வெடி கொளுத்திய செய்தி வரவில்லை. ஆனாலும் ஒரு வாரம் கழிந்து தொடர்பு கிடைக்கும்வரை ஒவ்வொரு மாலையும் தொலைபேசி நிலையத்தில் போய் நின்றேன்.

"ஒண்டும் நடக்கேல்லை அப்பா," என்றாள் வதனி. "வெக்கைதான். கால் விறைச்சுப்போச்சு." பிறகு சொன்னாள்: "ஒண்டு மட்டும் நடந்தது. உங்கட வாக்கைப் போட ஒராள் வந்தது."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. வெளிநாட்டில் இருப்பவர், செத்துப்போனவர், எல்லாருடைய வாக்கும் யாரோ ஒருவரின் கையால் பெட்டிக்குள் விழும். ஆனால் என் பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் வாக்காளர் பட்டியலுக்காக ஊர் விதானையார் வந்து வீட்டில் யார் யார் என்று கேட்கும்போது, என் மனைவி என் பெயரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறாள். ஆள் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லையாம்.

"ஆரவன்?" என்றேன்.

"தெரியாது. உங்கட வயதிருக்கும். வெள்ளை வேட்டி, நெத்தி நிறையத் திருநீறு. கிளாக்கர் உங்கட பேரைச் சத்தமாய் வாசிச்சார். அந்தாளும் நாந்தான் எண்டு தலையை ஆட்டினது. நான் எழும்பி நிண்டன்."

"என்ன சொன்னனீ?"

"அது என்ரை அப்பான்ரை பேர், அவர் இங்கை இல்லை எண்டு சொன்னனான்."

"அவன் உன்னை ஏதும் பேசினவனோ?"

"இல்லையப்பா, பாவம். என்னைப் பாத்துக் கும்பிட்டுப்போட்டு, வாசல்லை செருப்பைக் கொழுவிக்கொண்டு போயிட்டார். எந்தப் பக்கத்து ஆளோ. மாமான்ரை ஆளாயும் இருக்கலாம். மாமா இரண்டு நாளாய் என்னோடை கதைக்கேல்லை." சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது.

கூண்டை விட்டு வெளியே வந்தேன். அவர் இங்கே இல்லை. என் மகள், அதிகாரிகளும் அயலட்டையும் பார்த்திருக்க, எழுந்து நின்று சொன்னது. அன்றிலிருந்து, என் வாக்குக்கு வந்த அந்த மனிதர் என்னை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட வாசலால் வெயிலில் இறங்குகிறார். என் பெயரை இன்னும் முழுதாகக் கழற்றி வைக்காமல், எங்கள் ஒழுங்கையால் மெல்ல நடக்கிறார். வேலியோரம் வெங்காயத் தாள் காய்கிறது. பனையோலைப் பிளாவில் கள் விற்பவன் அவருக்குத் தலையசைக்கிறான். எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து, ஏனோ தெரியாமல், ஒரு கணம் நிற்கிறார். அந்தப் படலையைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அது தெரியாமல் அவர் அங்கே நிற்கிறார். அது தெரிந்த நான் ஈப்போவில், தொலைபேசி நிலையத்துக்கு எதிரே, பஸ்ஸுக்கு நிற்கிறேன்.