அந்தக் கை யாருக்கு?

கராச்சர்மா மீன் சந்தையில் ஞானசெல்வியின் அரிவாள்மனைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். பாறையோ சூரையோ, அவள் கைக்குப் போனால் முள் வேறு சதை வேறு என்று பிரிந்து வரும். புதிதாக வருகிறவர்கள் மட்டும் மீனைப் பார்க்காமல் அவள் வலது கட்டை விரலைப் பார்ப்பார்கள். அதன் உட்புறத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மரு இருந்தது. "தீதி, ஹாத் மே க்யா ஹுவா?" என்று அந்த விரலைக் காட்டி வங்காளிப் பெண்கள் கேட்பார்கள். "பச்பன் சே ஹை" என்று வாய் கூசாமல் சொல்வாள். சின்ன வயசிலிருந்தே இருக்கிறதாம்! அது பச்சைப் பொய். அவள் மகள் சுபிதாவைவிட அது நாலு மாதம்தான் மூத்தது, சுபிதா இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

அப்போது அவள் தீவின் வடக்கே, மாயாபந்தரில் இருந்தாள். புருஷன் ஜஸ்டின் சொந்தமாக ஒரு டிங்கிப் படகு வைத்துத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். மரு முதலில் இருந்தது அவனுக்குத்தான். இடது உள்ளங்கையில், ஆள்காட்டி விரல் தொடங்கும் இடத்தில். கயிறு இழுக்கும்போதெல்லாம் அது பிய்ந்து ரத்தம் வரும். அவன் சட்டை பண்ணமாட்டான். அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா, ராமநாதபுரத்துக்காரி, வழி சொன்னாள். "உப்பும் மிளகும் வாங்கி அதும்மேல மூணு சுத்துச் சுத்தி, கோயில் குளத்துல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு ஆத்தா. உப்புக் கரையக் கரைய அதுவும் கரைஞ்சு போயிரும்."

மாயாபந்தரில் கோயில் குளத்துக்கு எங்கே போவது? வங்காளிகள் வீட்டுக்கு வீடு குளம் வெட்டியிருந்தார்கள்தான். ஆனால் அதில் கட்லா மீன் வளர்க்கிறார்கள், உப்பைக் கொண்டுபோய்க் கொட்டினால் சும்மா விடுவார்களா? தண்ணீர் எல்லாம் தண்ணீர்தானே என்று நினைத்தாள் ஞானசெல்வி. மத்தியானம் சாப்பிட்டு அசந்து தூங்கியவன் கைமேல் உப்பையும் மிளகையும் சுற்றி எடுத்துக்கொண்டு படகு கட்டும் ஜெட்டிக்குப் போனாள். "எடுத்துக்கோ" என்று சொல்லிக் கடலில் போட்டாள். சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

நாலாம் நாள் கடலுக்குப் போன ஜஸ்டின் வரவில்லை. அன்று காற்றும் இல்லை, மழையும் இல்லை. மறுநாள் டிங்கி மட்டும் கிடைத்தது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, சோற்றுத் தூக்கு திறக்காமலே இருந்தது. ஆளை மட்டும் எங்கேயும் காணவில்லை. அவள் வயிற்றில் அப்போது இரண்டு மாதம்.

மூன்று மாதம் கழித்து அவள் கட்டை விரலில் அது முளைத்தது. ஞானசெல்விக்குக் கணக்கு நேராகிவிட்டது. குளத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கடலுக்குக் கொடுத்தாள். உப்புக்குள் உப்பு எப்படிக் கரையும்? கடல் ஆளை எடுத்துக்கொண்டு மருவை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. இதை அவள் ரெங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தாள். அங்கிருந்த சாமியார் ராஞ்சிக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது. மருவுக்கு இந்தியில் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. திணறிப்போய்க் கட்டை விரலை நடுவிலிருந்த சல்லடைப் பக்கம் நீட்டிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஜபத்தோடு ஆஸ்பத்திரிக்கும் போகச் சொன்னார்.

குழந்தை பிறந்ததும் கராச்சர்மாவுக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டுச் சந்திலிருந்து கடல் தெரியாது. அதற்காகவே அந்த வீட்டைப் பிடித்தாள். உப்பைக் கையால் அள்ளமாட்டாள், கரண்டிதான். ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கு, ஜஸ்டின் கரைக்கு வரும் நேரத்துக்கு, விரல் குறுகுறுக்கும். அவன் நடக்கும்போது அவள் கையைப் பிடிக்கமாட்டான், கட்டை விரலை மட்டும் உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொள்வான். அதே போல யாரோ பொத்தியது போல் இருக்கும். "வந்துட்டாக" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். இரண்டு தடவை எழுந்துபோய்க் கதவைத் திறந்துகூடப் பார்த்திருக்கிறாள். பயமாகத்தான் இருக்கும். வராத நாளில் அதைவிடப் பயமாக இருக்கும்.

கடல் கொடுத்தது பிள்ளைக்கு ஒட்டக்கூடாது. அதில் மட்டும் அவள் கறார். சுபிதாவுக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, ரோடு தாண்ட வைத்தது எல்லாம் இடது கை. வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். போன மாதம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது சுபிதா அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இந்தக் கை எனக்கு. அந்தக் கை யாருக்கு?"

ஞானசெல்வி இறங்கும் இடத்தையே கோட்டைவிட்டாள். அந்த வாரமே பத்துபஸ்தியில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் தோல் கிளினிக்கில் பெயர் கொடுத்தாள். மெயின்லேண்டிலிருந்து டாக்டர் வைஜெயந்தி மாதம் ஒருமுறை வந்து அங்கே லேசர் வைப்பார்.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "எத்தனை வருஷமா இருக்கு?"

"ஏழு வருஷம் டாக்டர். எப்படி வந்துச்சுன்னு..." என்று இழுத்தாள்.

"யார்கிட்ட இருந்தாவது ஒட்டியிருக்கும். இது ஒரு வைரஸ். கை பிடிச்சாலே போதும். வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

"வீட்டுக்காரருக்கு இருந்துச்சு. ஆனா அவுக போய் மூணு மாசம் கழிச்சுத்தான் எனக்கு வந்துச்சு."

"அப்படித்தான் வரும். ஒட்டின உடனே தெரியாது. மாசக்கணக்கா உள்ளேயே இருந்துட்டு மெதுவா வெளிய வரும்."

ஞானசெல்வி விரலைப் பார்த்தாள். அப்படியானால் கடல் கொடுத்தது இல்லை. உப்புப் போடுவதற்கு முன்னாலேயே, ரோட்டோரமாக விரலைப் பொத்திக்கொண்டு நடந்தபோதே, அவன் கொடுத்திருக்கிறான். ஏழு வருஷம் தண்டனை என்று முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தது அவன் கையிலிருந்து வந்தது. அவன் உடம்பில் உயிரோடு இருந்த ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைச் சுட்டுப் பொசுக்கத்தான் அவளே பஸ் ஏறி வந்திருக்கிறாள். எழுந்து ஓடிவிடலாமா என்று வந்தது. செருப்பைக்கூட மாட்டிவிட்டாள்.

"பயமா இருக்கா? மரத்துப்போக ஊசி போட்டுருவேன், வலிக்காது" என்றார் டாக்டர். "வீட்ல குழந்தை ஏதாவது இருந்தா, விட்டா அதுக்கும் வரும்."

ஞானசெல்வி செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைமேல் கையை வைத்தாள்.

விரலடியில் ஊசி ஏறியது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். பக்கத்தில் ஒரு குழாய் புகையை உறிஞ்சிக்கொண்டே இருந்தது, அப்படியும் மயிர் கருகும் வாசனை வந்தது. ஜஸ்டினுக்குக் கல்லறை கிடையாது, அவனுக்காக ஒரு பிடி மண் போட்டதில்லை. அந்த வாசனையில்தான் அவன் செத்துப்போனான் என்று அவளுக்கு முதல்முதலாகத் தெரிந்தது. கண்ணாடிக்குள்ளே அழுதாள். வலிக்கிறதா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார்.

இரண்டு வாரம் விரலில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மீன்காரிக்கு இப்படி ஒரு கட்டளை! வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தினமும் நாலு மணி வந்தது, போனது. விரல் விரலாக மட்டும் இருந்தது. யாரும் வரவில்லை. வீடு இவ்வளவு பெரியது என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

கட்டுத்துணியைப் பிரித்த நாள், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அதன் வாசலில் போய் நின்றாள். புதுத்தோல் ரோஜா நிறத்தில் இருந்தது. சுபிதா ஓடிவந்ததும் முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள்.

"அந்தக் கை யாருக்குன்னு கேட்டியே. இந்தா, உனக்குத்தான்."

சுபிதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். திருடிவிட்டு மாட்டிக்கொண்ட முகம். ஞானசெல்வி இழுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில், ஆள்காட்டி விரல் தொடங்கும் இடத்தில், கடுகளவுக்கு ஒன்று சொரசொரவென்று முளைத்திருந்தது.

"எப்படிடீ வந்துச்சு?"

"நீ தூங்குறப்ப அந்த விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தாம்மா நான் படுத்துக்குவேன், ரொம்ப நாளா. கேட்டா நீ தரமாட்டேங்குற. அதான் நானே எடுத்துக்கிட்டேன்."

ஞானசெல்வி முதலில் அந்தக் கையைச் சட்டென்று விட்டுவிட்டாள். அப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளை, அவன் விரலால் ஒருமுறைகூடத் தொடாத பிள்ளை. அதே கை, அதே இடம். அடுத்த நொடியே ஒரு சந்தோஷம் வந்தது. பெற்றவளுக்கு வரக்கூடாத சந்தோஷம் என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"என்னையும் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவியா?"

"போகணும்டீ. அவங்க அடுத்த மாசம் வருவாங்க."

சுபிதா தலையாட்டிவிட்டு அம்மாவின் கட்டை விரலை மட்டும் பிடித்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். அப்படிப் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடுகு போன்ற அது புதுத்தோலில் வந்து அழுத்தியது. மணி நாலாகியிருந்தது.

கராச்சர்மா பஸ் வந்து நின்றது. கம்பியைப் பிடித்து ஏற வலது கை வேண்டும்.

"ஜல்தி கரோ, தீதி!" என்றான் கண்டக்டர்.

"நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்றாள் ஞானசெல்வி.