பிடியரிசி கொண்டுபோன சனிக்கிழமை

தண்ணீருக்குள் முள்மரத்தில் சிக்கிக்கொண்டு என் மகளுடைய சைக்கிள் கிடந்தது. பின்சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. சைக்கிள் இருக்கிறது, அதை ஓட்டிவந்தவளைக் காணோம். ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. அதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனாலும் கர்த்தர் செய்த நன்மையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் சொல்கிறேன்.

என் பெயர் மேரி. செவிலிமேட்டில் குடியிருக்கிறோம். எட்டாவதோடு படிப்பை விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனாத்தூர் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வெளியூர். எங்களுக்கு ஒரே பெண், ரூபி. ஒன்பதாவது படிக்கிறாள்.

எனக்குப் பயந்த சுபாவம். ரூபி பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனையில் போய் நிற்பேன். யாராவது வேகமாக நடந்துவரும் செருப்புச் சத்தம் கேட்டால் கெட்ட செய்திதான் வருகிறது என்று நினைத்து, இவளை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால் என்ன என்று தோன்றும். ஜெபம் செய்வேன். முடித்து எழுந்ததும் மறுபடியும் கவலைப்படுவேன். இப்படித்தான் இருந்தேன்.

எங்கள் சபையில் பிடியரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துத் தனிப் பானையில் போடுவோம். முன்பெல்லாம் அதைச் சபையில் ஏலம் விடுவார்கள். ரூபிதான் ஒருநாள் பாஸ்டரிடம் போய், "பாஸ்டர், ஆண்டவருக்குன்னு எடுத்த அரிசிய ஏன் விக்கணும்? பசிக்கிறவங்களுக்கு அரிசியாவே குடுக்கலாம்ல?" என்று கேட்டாள். நான் வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பாஸ்டர் சிரித்துவிட்டு, "அப்ப நீயே எடுத்துட்டுப் போய்க் குடுமா" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ரூபியும் அவளுடைய வகுப்புத் தோழி தாரணியும் வீடு வீடாகப் போய் அரிசியைச் சேர்ப்பார்கள். தாரணி எங்கள் சபைப் பிள்ளை இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவள் அம்மா கற்பகம் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். அவளும் ஒரு பானை வைத்துவிட்டாள். "எங்க வூட்டு அரிசி வேணாம்னு ஒங்க சாமி சொல்லிடுவாரா மேரி?" என்று என்னைக் கேலி செய்வாள்.

அந்த அரிசி கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் செங்கல் சூளைக்குப் போகும். மழைக்காலத்தில் சூளை வேலை இல்லை. ஆட்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு குடும்பம் மட்டும் போக முடியாமல் கொட்டகையில் தங்கிவிட்டது. கல் சரிந்து விழுந்து புருஷனுக்குக் கால் முறிவு. மனைவி சுமதிக்குக் கைக்குழந்தை. பிள்ளைகள் கொண்டுபோகிற அரிசியில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது.

போன வருஷம் ஐப்பசியில் அது நடந்தது. அடைமழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையில் வெளிச்சமாக இருந்ததால் ரூபியைப் போக விட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மேற்கே வானம் மை போல இறங்கியது.

சமையல் மாஸ்டர் என்னைப் பார்த்து, "மானம் கறுத்தா ஒனக்கு ஏம்மா மூஞ்சி கறுக்குது? கொழம்புல கண்ணீர வுட்டுடாத, ஏற்கெனவே உப்பு போட்டாச்சு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் கற்பகத்தின் போன் வந்தது.

"மேரி, பசங்க இன்னும் வரல. மேல ஏரி ரொம்பி கலங்கல் பாயுதாம். கால்வாய்ல தண்ணி வந்துக்கினு இருக்குதுன்னு சொல்றாங்க. நீ கெளம்பி வா."

கத்தியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது மழை கண்ணாடியை அறைந்தது. பிள்ளைகளிடம் போன் கிடையாது. எனக்கு எத்தனையோ வசனம் மனப்பாடம். அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அவ இருக்கிற எடத்துல நீங்க இருங்க" என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்திலிருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கால்வாய்க்குப் போகிற ரோடு நீளமாக நேராக இருக்கும். வண்டி அதிகம் வராது. கடைசி வீடு தறி வீடு. அதன் கதவு சாத்தியிருந்தது. அந்த வீட்டைத் தாண்டித்தான் நான் ஓடினேன். ரூபி, ரூபி என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கரையில் ஆட்கள் நின்றார்கள். கால்வாயைக் கடக்கிற தரைப்பாலம் கண்ணுக்கே தெரியவில்லை. அதன்மேல் சிவப்புத் தண்ணீர் சுருண்டு ஓடியது. பால்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "ரெண்டு பொண்ணுங்க மூட்டைய வெச்சிக்கினு இந்தப் பக்கமா போனத நான் பாத்தேம்மா. அப்பறம் பாக்கல" என்றார். அப்போதுதான் யாரோ முள்மரத்தைக் காட்டினார்கள்.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். கற்பகம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

"அழுவாதடி. நீ அழுதா எனக்குக் கால் வராது. ஒங்க சாமிய நீ கூப்புடு, எங்க அம்மாவ நான் கூப்புடறேன். யார் மொதல்ல வந்தாலும் சரி."

ஒரு வாலிபன் சட்டையைக் கழற்றினான். "நீளமா கயிறு இருந்தா இடுப்புல கட்டிக்கினு எறங்கிப் பாக்குறேங்கா" என்றான். கயிறு கேட்டுக் கற்பகம் தறி வீட்டுக்கு ஓடினாள். நான் தண்ணீரைப் பார்த்தபடி அதே ஜெபத்தைச் சொன்னேன். அப்போது எனக்கு விசுவாசம் இருந்ததா என்று கேட்டால் தெரியாது. சொல்வதை நிறுத்தினால் அவள் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

பின்னாலிருந்து கற்பகத்தின் அலறல் வந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"மேரி! ஏய் மேரி! இங்க இருக்குதுங்கடி! ரெண்டும் பாவு புடிச்சிக்கினு நிக்குதுங்க!"

எப்படி ஓடினேனோ. கதவுக்கு உள்ளே போனால், வாசலிலிருந்து கொல்லைக் கதவுவரை பட்டு நூல் பரந்து நின்றது. அதை இருபக்கமும் ஆட்கள் கைக்குக் கை தாங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் ரூபி. எதிரில் தாரணி. தகரக் கூரையில் மழை இரைந்த இரைச்சலில் நான் கத்தியது அவர்களுக்குக் கேட்கவே இல்லை.

ஊர் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பல புடவைக்கு வேண்டிய நூலை ஒன்றாகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் பாவு. கஞ்சி தெளித்து வெயிலில் காய வைப்பார்கள். இரண்டு நாள் வெயிலை நம்பி அன்றைக்குக் கட்டிவிட்டார்கள். பாவின்மேல் மழை விழுந்தால் தெருவில் யார் போனாலும், எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பார்க்காமல் ஓடிவந்து கை கொடுக்க வேண்டும். உள்ளே கொண்டுபோன பிறகும் ஈரப்பாவைக் கீழே போடக் கூடாது. இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். உலரும்வரை பிரித்துப் பிடித்திருக்க வேண்டும்.

நான் ரூபியை அறையத்தான் கையை ஓங்கினேன். அந்த வீட்டு விசாலம் அக்கா, நெற்றியில் விபூதியும் வியர்வையுமாக, என் பக்கம் திரும்பாமலே கத்தினார்: "வுடாத பொண்ணு! அம்மா வந்தாலும் வுடாத!"

ரூபி என்னைப் பார்த்து, "அம்மா, அப்பறமா அடிம்மா. இப்ப கைய எடுக்க முடியாது" என்றாள்.

"நின்னுக்கினு அழுவுறியே, அந்த முனைய புடிமா" என்றார் விசாலம் அக்கா.

பிடித்தேன். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பிடித்தேன். என் மகளுக்கு எதிரில் நின்று, நூலுக்கு அந்தப் பக்கம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன். கண்ணீர் நூலில் விழாமல் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டேன்.

பாவு உலர்ந்து சுருட்டிய பிறகுதான் ரூபி நடந்ததைச் சொன்னாள். தரைப்பாலத்தின் விளிம்புக்கே போய்விட்டார்கள். அப்போது தண்ணீர் கணுக்கால் அளவுதான். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் முதல் தூறல் விழுந்து, பின்னால் விசாலம் அக்கா, "பாவு நனையுது, வாங்க, வாங்க" என்று கத்தியது கேட்டிருக்கிறது. சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி ஓடினார்கள். வெள்ளம் அதன் பிறகுதான் வந்தது.

இதைச் சொல்லும்போது ரூபி அழவில்லை. "மூட்டை சைக்கிள்லயே இருந்துதும்மா. அரிசி போச்சு. சுமதி அக்கா இன்னிக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டபோதுதான் அழுதாள்.

விசாலம் அக்கா உள்ளே போய் ஒரு பையில் அரிசி நிரப்பிக்கொண்டு வந்தார். "எங்க பாவு பொழச்சுது. இத எடுத்துக்கினு போங்க. ஆனா கால்வாய் வழியா போனீங்கன்னா கால ஒடிச்சிடுவேன்" என்றார்.

மழை விட்டதும் ஆட்டோ பிடித்துப் பெரிய பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு சூளைக்குப் போனோம். இந்த முறை நானும் போனேன். சேற்றில் நடந்து கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது சுமதி குழந்தையை மார்போடு அணைத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் சத்தமாக அழுதுவிட்டாள். நான் பசியால் அழுகிறாள் என்று நினைத்து அரிசிப் பையை நீட்டினேன். அவள் அதை வாங்கவே இல்லை. ரூபியின் கன்னத்தையும் தாரணியின் கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

"காலைலயே தண்ணி வர்ற சத்தம் கேட்டுதுக்கா. வீட்ல ஒரு பொட்டு அரிசி இல்ல. ஆனாலும் இன்னிக்கு அந்தப் பொண்ணுங்க வரக் கூடாது, வழியிலயே யாராவது புடிச்சி நிறுத்தணும் சாமின்னு வேண்டிக்கினே நின்னேன்" என்றாள்.

நான் பஸ்ஸில் வாய் திறப்பதற்கு முன்பே, எதிர்க்கரையில் ஒருத்தி பட்டினி வயிற்றோடு என் பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறாள். தன் வீட்டுக்குச் சோறு வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். கர்த்தர் அதைக் கேட்டார். என் கண்ணீரைப் பார்த்துத்தான் காப்பாற்றினார் என்று நான் பெருமையாகச் சாட்சி சொல்லியிருப்பேன். அந்தப் பெருமையை அவர் எனக்கு வைக்கவில்லை. அவருக்கு ஸ்தோத்திரம்.

என் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் வானம் கறுத்தால் வாசலுக்கு ஓடி மேற்கே பார்ப்பேன். ஆனால் ரூபியை வீட்டுக்குள் பூட்டிவைக்க நினைத்தேனே, அந்த நினைப்பு போய்விட்டது. மழைக்காலத்தில் பெரியவர்கள் நாங்கள் கூடப் போகிறோம். அவள் இல்லாத நேரத்தில் தெருமுனைக்குப் போய் நிற்பதற்குப் பதிலாக, அவள் பார்க்கப் போன வீட்டாருக்காக முழங்கால் போடுகிறேன்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளை ஒருவருக்கு உதவப் புறப்பட்டால் பயத்தினால் தடுத்துவிடாதீர்கள். பத்திரமான வழியைப் பார்த்து, கூடவே போங்கள், ஜெபியுங்கள். நீங்கள் மட்டும்தான் அவர்களுக்காக ஜெபிக்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள். நம் பிள்ளைகள் யாருக்குக் கை கொடுக்கிறார்களோ, அவர்களும் நமக்குத் தெரியாமல் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.