இரும்பு வேலிக்குள் நின்ற அகத்தி

அகத்தி இந்தக் குளிர் நாட்டில் முளைக்குமா? 1994 ஆனி மாதம், கனடாவின் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் இரத்தினவேல் அண்ணை ஒரு கொப்பைக் காட்டிக் கேட்டார். அதே இலை, வெள்ளைப் பூ மட்டும் சிறிது. எனக்குத் தெரியவில்லை. சும்மா தலையாட்டிவிட்டு என் மாடித் தட்டில் இறங்கிப்போனேன்.

அவருக்கு வேலை ஒரு பழைய பிரபு குடும்பத்தின் தோட்டத்தில் புல் வெட்டுவது. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவருக்கு, நூறு ஏக்கர் விளைச்சலின்றிக் கிடப்பது அதிசயம். அங்கே குன்றுகூட ஆட்கள் கொட்டிய மண். குளமும் வெட்டிய குளம். காடு போலத் தெரிவதெல்லாம், மாளிகை ஜன்னலிலிருந்து பார்க்க அழகாயிருக்கும்படி இடம் பார்த்து நட்ட மரம். குளக்கரைத் தோப்பொன்றை மட்டும் கறள் பிடித்த இரும்பு வேலி சுற்றியிருந்தது. அதற்குள்தான் அவர் கொப்பு முறித்தார். அன்று மனைவி யோகமலருக்கு ஏகாதசி விரதம். மறுநாள் விரதம் முடிக்கும் பாறணைக்கு அகத்தி இல்லையே என்று கனடா வந்த நாள் முதல் அவருக்குக் கவலை.

மறுநாள் காலை பத்து மணி, தேநீர் நேரம். அந்த வேலி குதிரை மரத்தைக் கடிக்காமலிருக்கப் போட்டதா என்று மேற்பார்வையாளர் பேனாட்டிடம் இரத்தினவேல் கேட்டார். பேனாட் சிரித்தார். மரத்திடமிருந்து குதிரையைக் காக்கத்தான் போட்டது என்றார். பிரபுவின் விருந்து நாளொன்றில் அங்கே கட்டியிருந்த இரண்டு வண்டிக் குதிரைகள் பட்டையையும் இலையையும் கடித்துச் செத்தனவாம். மரத்தை வெட்டினால் ஜன்னல் காட்சி கெடும். அதனால் வேலி.

அந்த இலையைத்தான் யோகமலர் இப்போது பாறணைக்குச் சமைத்துக்கொண்டிருப்பார். விரதக்காரியின் வெறும் வயிறு.

இரத்தினவேல் வீட்டுக்குப் போன் அடித்தார். என்கேஜ்ட். மறுபடியும் என்கேஜ்ட். பேசிக்கொண்டிருக்கிறாளா, விழுந்துகிடப்பவளின் கையிலிருந்து ரிசீவர் நழுவிக் கிடக்கிறதா?

அலுவலகத்துக் கிளடிஸிடம் விடாமல் போன் அடிக்கச் சொல்லிவிட்டு, பேனாட் அவரைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இரத்தினவேல் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டார். லிஃப்ட் தட்டுக்குத் தட்டு நின்று நின்று பதினான்காம் மாடிக்கு ஏறியது.

கதவைத் திறந்தார். தேங்காய்ப்பூ போட்டு வதக்கிய கீரை வறையின் வாசம். பல்கனி வாசலில் யோகமலர் போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

"சாப்பிட்டிட்டீரோ?"

"எங்கை சாப்பிடுறது? காகத்துக்கு வைச்சு ஒரு மணித்தியாலம். உங்கடை கனடாக் காகமெல்லாம் வேலைக்குப் போயிட்டுதாக்கும். உதைத்தான் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறன்."

"வாயிலை கொஞ்சமும் வைக்கேல்லையோ? உண்மையைச் சொல்லும்."

"உப்புக்கூடப் பாக்கேல்லை. விரதச் சமையலை ஆர் ருசி பாக்கிறது?"

அது அகத்தியில்லை, நஞ்சு மரம் என்றார் இரத்தினவேல். புறா வருவதற்குள் பல்கனிச் சோற்றையும் சட்டி வறையையும் வழித்துப் பையில் கட்டினார்.

கீரை போலக் கண்டதும் கை நீட்டுவது நம்மவர் பழக்கம். இங்கத்தைய பூங்காக்களில் அகத்தி போலிருக்கும் அந்த நச்சு மரம் இன்னும் நிற்கிறது. எல்லா இடத்திலும் வேலி இல்லை. இதைப் படித்தவர்கள் வீட்டில், கோயிலில், லிஃப்டில் காண்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். என்னைப் போலச் சும்மா தலையாட்டிவிட்டு இறங்கிப்போகாதீர்கள்.