ஹெஸ்டர் என்று சொல்லப் போனவள்

ஹெஸ்டர் டக்கெட்டை யாராவது "ஹெட்டி" என்று செல்லமாகக் கூப்பிட்டுவிட்டால் போச்சு. ரொட்டிக் கடைக்காரன் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போதே வாங்கிக் கட்டிக்கொண்டான். கட்டின புருஷன் ரெஜ்கூட இருபத்தெட்டு வருஷமாக முழுப் பெயரைத்தான் சொல்கிறார். பெயருக்கு இத்தனை வீம்பா என்று தெருவே சிரித்தது. சிரிப்பவர்களுக்கென்ன, பன்னிரண்டு வருஷம் பெயரில்லாமல் வாழ்ந்தது அவள்தானே.

பதினாலு வயதில் மார்ச்வுட் மாளிகைக்கு மாடி வேலைக்குப் போனாள். பெயரைக் கேட்ட சீமாட்டி, "ஹெஸ்டரா? அதெல்லாம் வேண்டாம். இங்க மாடி வேலைக்கு வர்றவ மேரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். முன்னால் இருந்தவளும் மேரி, பின்னால் வந்தவளும் மேரி. வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் மேரி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், அவர்கள் கடந்து போகும்வரை முகத்தைக் காட்டக் கூடாது. தோட்டத்தில் கால் வைக்கவும் கூடாது. ரோஜாக்கள் ஜாடியில் வந்து சேர்ந்தபின் தண்ணீர் மாற்றலாம், அவ்வளவுதான்.

இப்போது அந்த மாளிகையை ஊராருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். விடுமுறை நாளில் சீமாட்டியே வந்து பார்க்க வருகிறவர்களோடு பேசுகிறாளாம். செய்தித்தாளில் பார்த்துவிட்டுச் சொன்னவள் மகள் ஷீலா. பத்தொன்பது வயது, தட்டச்சு வேலை, வாய் கொஞ்சம் நீளம்.

"டிக்கெட் வாங்கிட்டுப் போறோம்மா. யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டாம். நேரா அந்தம்மா முன்னால போயி உன் பேரச் சொல்லு. அவ மூஞ்சி போற போக்க நான் பாக்கணும்."

ஹெஸ்டருக்கும் அது பிடித்துப்போயிற்று. பேருந்தில் உட்கார்ந்து வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "அம்மணி, என் பேரு மேரி இல்ல. ஹெஸ்டர்."

தோட்டத்தில் சரளைப் பாதையின் நட்டநடுவே நடந்தாள். ரோஜாவில் மூக்கை வைத்து வேண்டுமட்டும் முகர்ந்தாள்.

"என்ன ஹெஸ்டர், இடத்தையே விலைக்கு வாங்கிட்டியா?" என்றார் ரெஜ்.

"வாங்கினா ஒங்களத்தான் காவலுக்குப் போடுவேன்."

மூவரும் சிரித்தார்கள். ரெஜுக்கு முழங்கால் வலி, தேநீர் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் மகளும் மாடி ஏறினார்கள்.

மாடி நடைவழி மாறவேயில்லை. அதே பச்சைக் காகிதம் ஒட்டிய சுவர், காகிதம் முழுக்கக் கையால் வரைந்த பறவைகள். அந்தக் கோடியில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. சீமாட்டிதான். கிழடு தட்டியிருந்தாலும் நிமிர்வு குறையவில்லை.

"அம்மா, அவங்கதான? போ, சொல்லு," என்று ஷீலா முழங்கையால் இடித்தாள்.

ஹெஸ்டர் ஓரடி எடுத்து வைத்தாள். அடுத்த கணம் அவள் முகத்துக்கு நேரே பச்சைக் காகிதம் இருந்தது. எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கைகள் தானாக முன்னால் கோத்துக்கொண்டன, தலை குனிந்துகொண்டது. பாழாய்ப்போன உடம்பு, இத்தனை வருஷம் கழித்தும் எஜமானி சொல்லைத்தான் முதலில் கேட்டது.

தடிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"ரொம்பப் பேர் இதப் பாக்காமலே போயிடுறாங்க," என்றாள் சீமாட்டி மகிழ்ச்சியோடு. "சீனாவுலேர்ந்து வந்த காகிதம். நல்லாப் பாருங்க. கை மட்டும் வைக்காதீங்க."

"சரிங்க, அம்மணி," என்றாள் ஹெஸ்டர், சுவரிடம்.

தடிச் சத்தம் தேய்ந்து மறைந்தபின்தான் திரும்பினாள். அம்மாவைப் பார்க்காமல் ஷீலா மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

"என்ன, சொல்லிட்டியா?" என்று தேநீர் மேசையிலிருந்து ஆவலாகக் கேட்டார் ரெஜ்.

ஹெஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஷீலாதான் பதில் சொன்னாள்.

"சொன்னாங்கப்பா. மேரிதான் சொன்னாங்க."

ஹெஸ்டர் அவளைத் திருத்தவில்லை.