நிற்கிற சைக்கிளும் எண்ணூர் சாலையும்

டோரதி இப்போது இல்லை. நாற்பத்தெட்டு வயதில் அவள் வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் கிளம்பிய கதையை ராயபுரத்தில் இன்னும் சொல்கிறார்கள். அதில் பாதி இட்டுக்கட்டியது. நடந்தது இதுதான்.

அவள் கணவர் லூர்து துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மகள் ஆலிஸ் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலையில்லாமல் இருந்தாள். அவளுக்கு வேலை கிடைத்தால் சைக்கிளிலேயே வந்து சேர்கிறேன் என்று லூர்து வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார். 2006 ஜனவரியில் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஆலிஸுக்கு வேலை கிடைத்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் லூர்து போய்விட்டார். மாரடைப்பு. நேர்ச்சை அப்படியே நின்றது.

அதை நான் முடிக்கிறேன் என்று டோரதி சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கோயில் வாசலில் சிரித்தார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் ராயபுரத்திலிருந்து காவி உடுத்திய ஒரு சைக்கிள் குழு வேளாங்கண்ணி திருவிழாவுக்குப் போகும். தலைவர் இக்னேஷியஸ், ரயில்வேயில் ஃபிட்டர், லூர்துவின் நண்பர். குழுவில் அதுவரை பெண்கள் கிடையாது. சேர விரும்புகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குழுவோடு எண்ணூர் வரை போய்த் திரும்ப வேண்டும். பின்தங்கக் கூடாது, யாரையும் விழவைக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

சிறுமியாக இருந்தபோது வாடகைச் சைக்கிள் ஓட்டியதோடு சரி. ஆனால் டோரதிக்கு ஒரு வசதி இருந்தது. அவள் வேலை பார்த்தது பாரிமுனைப் பக்கம் ஒரு ஜிம்மில். தரை துடைப்பதும் துண்டு துவைப்பதும் அவள் பொறுப்பு. அங்கே காலையில் பெண்களுக்கு ஸ்பின்னிங் வகுப்பு நடக்கும். வரிசையாகச் சைக்கிள்கள், சத்தமாகப் பாட்டு, எங்கும் போகாத ஓட்டம். பயிற்சியாளர் ஹுமாயூன் தண்டையார்பேட்டைப் பையன். கடைசி வரிசையில் ஒரு சைக்கிள் எப்போதும் காலியாக இருக்கும். அதில் ஏறிக்கொள்ளச் சொன்னான். இந்த வகுப்பைத் தாக்குப்பிடிக்கிறவர்களுக்கு எந்தச் சாலையும் தூசு என்றான்.

முதல் வாரம் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜூன் பிறந்தபோது, வகுப்பு முடிந்த கையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

இக்னேஷியஸ் இதைக் கேள்விப்பட்டார்.

“இன்னா டோரதி, நிக்கிற சைக்கிள மெரிச்சா வேளாங்கண்ணி வந்துருமா?”

“கூட்டிகினு போய்ப் பாருண்ணே, தெரியும்,” என்றாள்.

அந்த ஞாயிறு சுடிதார் போட்டுக்கொண்டு ஆலிஸின் பழைய லேடீஸ் சைக்கிளில் குழுவின் வாலில் சேர்ந்தாள். எண்ணூருக்குப் போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. திரும்பும்போது அதே காற்று மார்பில் அறைந்தது. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிக்கொண்டே ஜெபமாலை சொல்வார்கள். மந்திரத்தின் முதல் பாதியைத் தலைவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். எதிர்க்காற்றில் ஆண்களின் குரல் ஒவ்வொன்றாக அறுந்தது. கடைசியில் இக்னேஷியஸின் இரைப்புக்குப் பதில் சொன்னது டோரதியின் குரல் மட்டும்தான். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. உற்சாகத்தில் முன்னேறி அவர் பின்னாலேயே வந்துவிட்டாள்.

திருவொற்றியூரில் முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. இக்னேஷியஸ் பிரேக் பிடித்தார். டோரதி காலை விறைத்தாள். வகுப்பில் அப்படித்தான் வேகத்தைக் குறைப்பாள். இங்கே கால் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. பிரேக்கைத் தேடி விரல் போவதற்குள் அவர் மட்கார்டில் மோதி, இருவரும் சாலையோர மணலில் கிடந்தார்கள்.

முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு இக்னேஷியஸ் எழுந்தார். திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“காலு கீது, மூச்சு கீது. கை எங்க கீது ஒனக்கு? இத்தினி பேரு உசுரு எம் பொறுப்பு. வேணாம் டோரதி.”

வீட்டுக்கு வந்து அழுதாள். லூர்து இறந்தபோதுகூட அப்படி அழுததில்லை. ஆலிஸ் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, பெடலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். சக்கரம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“ஜிம்முல சக்கரமும் பெடலும் ஒண்ணாக் கோத்தது. காலு நின்னா சக்கரமும் நிக்கும். இதுல ஃப்ரீவீல் இருக்கும்மா, காலு நின்னாலும் சக்கரம் சுத்தும். ஒன் காலு அந்த சைக்கிளுக்குப் பழகிப்போச்சு.”

டோரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சக்கரத்தைத் தானும் சுற்றிப் பார்த்தாள். அது நிற்கும்வரை பார்த்தாள்.

மறுநாள் ஹுமாயூனிடம் சொன்னபோது அவன் முகம் சிறுத்துவிட்டது. ரோட்டில் சைக்கிள் மிதித்தே பல வருஷம் ஆகிறது, பைக்கில்தான் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டான். காலும் நெஞ்சும் இங்கே வளரும், ரோட்டை இங்கே கற்றுத்தர முடியாது என்றான். டோரதி வகுப்பை விடவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் முன் தினமும் காசிமேட்டுக்குச் சைக்கிளை விட்டாள். அங்கே மீன் ஏலம் முடிந்து ஐஸ் லாரியும் மீன்பாடி வண்டியும் கூடைக்காரிகளும் முட்டிக்கொள்கிற நேரம். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தால் யாருடைய கூடையிலாவது விழ வேண்டியதுதான். முதல் சில நாள் மீன்காரிகள் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். பிறகு, “ஒதுங்குமே, மாதா வண்டி வருது,” என்று அவர்களே வழிவிட்டார்கள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் மறுபடி கேட்டாள். இக்னேஷியஸ் தலையாட்டவில்லை. குழுவில் இளையவன் ஃப்ரெடிதான் வாயைத் திறந்தான். அன்றைக்கு எதிர்க்காற்றில் பதில் ஜெபம் சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரியும், இக்னேஷியஸ் மாமு வாயால் சொல்லட்டும் என்றான். இக்னேஷியஸ் வானத்தைப் பார்த்தார். கடைசியில், இன்னொரு ஞாயிறு வரட்டும், ஆனால் எனக்குப் பின்னால் வேண்டாம், முன்னால் போகட்டும், விழுந்தால் தனியாக விழட்டும் என்றார்.

முன்னால் போனாள். எண்ணூரில் தேநீர் குடித்துத் திரும்பினார்கள். காற்று அதே காற்று. திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகக் குறுக்கே வந்து நின்றது. டோரதியின் விரல்கள் மடங்கின. சைக்கிள் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். பின்னால் இரைத்துக்கொண்டு குனிந்தபடி வந்த இக்னேஷியஸ் தாமதமாகப் பார்த்து, ஹாண்டிலை ஒடித்துத் திருப்பி, நடைபாதையில் ஏறி நின்றார்.

“இப்ப யாரு மேல யாரு வுழுறது மாமு?” என்று ஃப்ரெடி கேட்டான்.

இக்னேஷியஸ் அவனை முறைத்தார். மூச்சு நிதானமாகும்வரை ஹாண்டிலில் சாய்ந்து நின்றார். பிறகு டோரதியிடம் திரும்பினார்.

“அந்த ஹுமாயூன் தம்பி ஆம்பளைங்கள சேத்துப்பானா?”

“கேக்குறேண்ணே.”

“கேளு. அடுத்த வருஷத்துக்கு. இந்த வருஷம் டைம் இல்ல.” சைக்கிளைச் சாலையில் இறக்கினார். “காவித் துணி தச்சிக்கோ. காத்தோட்டமா தை. புதுச்சேரி தாண்டுனா வேர்த்துக் கொட்டும்.”

அன்று சாயங்காலம் டோரதி ஆலிஸை அழைத்துக்கொண்டு யானைக்கவுனிக்குப் போய்க் காவித் துணி எடுத்தாள். தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஐயா வரவில்லையா, அளவு எடுக்க வேண்டுமே என்று கேட்டார்.

“அளவு எனக்குத்தான்,” என்று கையை நீட்டினாள் டோரதி.