சிறகு முளைத்த முதலையும் சுங்கை பாக்காப் பஸ்ஸும்

எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடர் என்பவர், மேலேயிருந்து வரும் திட்டைக் கீழே சிந்தாமலும், கீழேயிருந்து வரும் திட்டை மேலே தெறிக்காமலும், நடுவில் நின்று வாங்கிக்கொள்வதற்காகச் சம்பளம் பெறுபவர். பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக நான் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு மேனேஜர் இருப்பார். அவர் எதையாவது படித்துவிட்டு வந்து உங்களைத் திருத்தப் பார்த்திருப்பார். புத்தகம் என்றால் பரவாயில்லை, ஒரு வாரத்தில் மறந்துவிடுவார். எங்கள் எச்.ஆர். மேனேஜர் குணாளன் பேட்மின்டன் ஆடிக் கணுக்காலை முறித்துக்கொண்டு ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். அந்த ஆறு வாரத்தில் ராஜா, மந்திரக் கிழவி, பறக்கும் முதலை எல்லாம் வருகிற ஒரு மாயாஜாலத் தொடரை முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம் வரை பார்த்து முடித்துவிட்டார். தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன், அதன் ரசிகர்கள் என் வீட்டு கேட்டுக்கு வந்து நிற்பார்கள். மனுஷன் கால் சரியாகித் திரும்பி வந்தார். மற்றது எதுவும் சரியாக இல்லை.

முதலை மேல் ராணி

வந்ததும் கோலாலம்பூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். இளைஞர்தான். தோளில் சிவப்பு வெல்வெட் போர்வை, கையில் ரிமோட். ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லோரையும் கன்டீனில் உட்கார வைத்து, மாய உலகத்திலிருந்து தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். ஆளுக்கொரு பாத்திரம் எழுதிய அட்டை கழுத்தில் மாட்டப்பட்டது. குணாளனுக்கு ராஜா. யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு மூன்றாவது மந்திரி. என் லைனில் மைக்ரோஸ்கோப் வழியாகச் சரக்கில் பழுது தேடும் சரோஜா அக்காவுக்குக் கிடைத்த அட்டையில் 'கல் சுமக்கும் வீரன் - 7' என்று இருந்தது. மாய உலகத்திலும் எங்கள் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான்.

சரோஜா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலுக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பிலிருந்து வருகிறவர். நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஐந்தே காலுக்கு, எங்கள் ஆட்கள் கிலாங் பஸ் என்று சொல்லும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, இரண்டாவது பாலத்தைத் தாண்டித் தீவில் ஏழு மணி ஷிஃப்ட்டுக்கு வந்துவிடுவார். பயிற்சியாளர் திரையில் ஒரு காட்சியைப் போட்டார். படைகள் சிதறி ஓடுகின்றன, ராணி மட்டும் கலங்காமல் சிறகு முளைத்த முதலையின் மேல் ஏறிக் கடலைத் தாண்டிப் போர்க்களத்தில் இறங்குகிறாள். படத்தை நிறுத்திவிட்டு, இந்த ராணியிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மைக்கை சரோஜா அக்காவின் வாயருகே நீட்டினார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்த அம்மாவுக்கு வேலைக்குப் போக முதலை இருக்கு தம்பி. எங்களுக்குக் கிலாங் பஸ்தான்."

கண்ணாடிக் கிழவி

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் கம்பெனி பஸ் கிடையாதாம். ஏறுகிறவர்கள் குறைவாம், சொந்த ஏற்பாட்டில் வந்துகொள்ள வேண்டுமாம். அதே போர்டில், அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே, பயிற்சிப் போஸ்டரில் முதலை ராணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் லைனில் பன்னிரண்டு பெண்கள் அந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள். தீவில் இருக்கிற ஹாஸ்டலில் வந்து தங்கலாமே என்பீர்கள். சரோஜா அக்காவின் கணவருக்குச் சர்க்கரையால் ஒரு கால் எடுத்தாகிவிட்டது. அக்கா சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற வரை பக்கத்து வீட்டார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பஸ் நின்றால் அக்காவின் வேலையும் நின்றது, அவ்வளவுதான் விஷயம்.

நேராகக் குணாளனின் அறைக்குப் போனேன். மைக்ரோஸ்கோப் மேசையில் கண்டவர் உட்கார முடியாது. பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, கண் பரிசோதனையும் செய்து, நெஞ்சில் கார்டு மாட்டியவர்தான் உட்காரலாம். காலை ஷிஃப்ட்டில் கார்டு இருப்பவர்கள் பதினாலு பேர், அதில் பன்னிரண்டு பேர் இந்த பஸ். ஒரே பஸ்ஸில் வருகிறவர்களை மொத்தமாகப் பயிற்சிக்கு அனுப்பினால் வசதி என்று அன்றைக்கு அனுப்பி வைத்தவரே இந்தக் குணாளன்தான். புதிதாக ஒருவரைத் தயார் செய்ய இரண்டு மாதம் ஆகும். இதையெல்லாம் விரல்விட்டு எண்ணி, பஸ் நின்றால் லைனும் நின்றுவிடும் என்று சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, தொடரில் வரும் மந்திரக் கிழவியைப் பற்றி ஆரம்பித்தார். நாளைக்கு நடப்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்பவளாம் அவள். நானும் அதைத்தானே சொல்கிறேன் சார் என்றேன். அவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "இல்ல மாலா. அவ பாசிட்டிவா மட்டும்தான் பாப்பா. நீங்க நெகட்டிவா பாக்கறீங்க, அதான் உங்களுக்கு நாளைக்கு நடக்கறது தெரிய மாட்டேங்குது."

மரக்கத்தி

அடுத்த கூட்டத்துக்கு ஒரு மரக்கத்தி வந்தது. தொடரில் அந்தக் கத்தியைக் கையில் பிடித்தவர் ராஜாவிடம் எந்த உண்மையையும் பயமில்லாமல் சொல்லலாமாம். எல்லோரும் கத்தியை வாங்கி, கம்பெனி நம் குடும்பம் மாதிரி என்ற உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் தந்தார்கள். என் முறை வந்ததும் நான் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். குணாளன் கண்ணை மூடித் தலையாட்டினார், பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார், எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பிறகு ஒரு மஞ்சள் தாளில் பஸ் என்று எழுதி, சுவரில் 'உணர்வுகள்' என்ற தலைப்பின் கீழே ஒட்டினார். சுத்தம் செய்ய வந்தவர் சாயங்காலம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நசீமா, தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. சூலியா தெருப் பக்கத்துப் பெண், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். வெளியே வரும்போது என் காதில் சொன்னாள்: "கையில கத்திய வச்சிக்கிட்டுக் கேட்டே தரலக்கா. இனி கெஞ்சிக் கேட்டா மட்டும் தந்துடுவாங்களா?"

கல் சுமந்த ராஜா

பஸ் நின்றது. பன்னிரண்டு பேரில் மூன்று பேர் அந்தப் பக்கமே ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். முதல் திங்கட்கிழமை மற்ற ஒன்பது பேரும் இருட்டிலேயே கிளம்பி, பட்டர்வொர்த்துக்கு ஒரு பஸ்ஸில் போய், ஃபெரி படகில் கடலைத் தாண்டி, இந்தப் பக்கம் இன்னும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார்கள். கார்டு உள்ள மீதி இரண்டு பேரில் ஒருத்தி டாக்டரிடம் எம்.சி. சீட்டு வாங்கி லீவு போட்டுவிட்டாள். ஏழு மணிக்கு என் லைனில் மைக்ரோஸ்கோப் முன்னால் ஒரே ஒரு பெண். எட்டு மணிக்குள் டிரே டிரேயாகச் சரக்கு தேங்கி, பின்னால் இருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சரக்கு விமானம் ஏறியாக வேண்டும். பெரிய பாஸ் மாடியிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார்.

அப்போதுதான் நம் ராஜா வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, பின்னால் படம் எடுக்க ஒரு ஆள். தொடரில் கோட்டைச் சுவர் இடிந்தபோது ராஜாவே இறங்கி வீரர்களோடு கல் சுமந்தாராம். இவர் காலி நாற்காலியில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வேண்டாம் சார், ரூல் இருக்கு என்றேன். லீடர் முன்னால் நிற்க வேண்டும் மாலா என்றார். இருபது நிமிடத்தில் நான்கு டிரே முடித்தார். எல்லாம் நல்ல சரக்கு என்றார். அவ்வளவு வேகமாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை. நசீமா வந்தாள், அவர் நெஞ்சைப் பார்த்தாள், நான்கு டிரேயிலும் சிவப்புச் சீட்டு ஒட்டினாள். கார்டு இல்லாதவர் கைபட்ட சரக்கு வெளியே போகக் கூடாது, மறுபடி முழுதாகப் பார்க்க வேண்டும். அந்த விதித் தாளின் அடியில் குணாளனின் கையெழுத்தே இருக்கிறது. நான் யார் தெரியுமா என்று அவர் முகமூடிக்குள்ளிருந்து கேட்டார். நசீமா சீட்டில் தேதி எழுதிக்கொண்டே சொன்னாள்: "தெரியும் சார். ராஜான்னு எழுதவா, உங்க பேரையே எழுதவா?"

நன்றியுரை

ஒன்பது பேரும் வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். சரோஜா அக்காவின் கால் வீங்கியிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து, ராஜா பார்த்த நான்கு டிரேயையும் முதலில் எடுத்தார். ஒரு டிரேயில் மட்டும் பதினொரு பழுது. விமானம் போயேவிட்டது. பெரிய பாஸ் குணாளனை மாடிக்குக் கூப்பிட்டார், என்ன பேசினார்கள் என்று தெரியாது. வியாழக்கிழமை கம்பெனி பஸ் திரும்ப வந்தது.

அதற்கு அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். கல் சுமந்த ராஜாவைப் போல வீரர்களின் வலியைத் தாமே உணர்ந்து, பஸ்ஸை மீட்டுக் கொடுத்த தலைமைக்காகக் குணாளனுக்குக் கேடயம் வழங்கப்படுகிறதாம். கன்டீனில் விழா. வெல்வெட் போர்வைப் பயிற்சியாளரும் வந்திருந்தார். போன மூன்று பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் மேசையில் இன்னும் ஆள் போடவில்லை, அந்த வேலையையும் இந்த ஒன்பது பேர்தான் இழுக்கிறார்கள். குணாளன் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சரோஜா அக்காவை மேடைக்கு அழைத்து, தொடரில் எந்தப் பாத்திரம் உங்கள் வாழ்க்கையை மாற்றியது என்று இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை: "படம் நான் பாக்கல சார், நேரமில்ல. வீட்டுல அவருக்கு நாந்தான் சோறு போடணும், அதனால மூணு பஸ் மாறி வந்தேன். நீங்க ஒரு நாள் அப்படி வந்துட்டு, அப்புறம் இத வாங்குங்க."

பத்தொன்பது வருடத்தில் தலைமையைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: மேலே இருப்பவருக்குக் காது கேட்க வேண்டுமானால், கீழே மெஷின் சத்தம் நிற்க வேண்டும்.